எந்த விளக்கு எந்த அறையில்?

பழைய முறை வயரிங்கில், ஒரு சுவிட்சைப் போட்டால் எந்தெந்த விளக்குகள் எரிய வேண்டும் என்பதைக் கம்பியே தீர்மானித்துவிடும். கூட்ட அறையின் ஆறு விளக்குகளும் ஒரே இணைப்பில் இருப்பதால் அவை ஒரு குழு. அதைத் தனியாக எங்கும் எழுதி வைக்க வேண்டியதில்லை. கம்பியில்லாக் கட்டுப்பாட்டில் இந்தத் தகவல் காணாமல் போகிறது. கூரையில் பொருத்தப்படும் எல்.இ.டி. விளக்குடன் ஆள் நடமாட்டத்தை அறியும் சென்சார், வெளிச்சத்தை அளக்கும் சென்சார், சிறிய ரேடியோ மூன்றும் சேர்ந்தே வருகின்றன. கம்பி மின்சாரத்துக்கு மட்டும்தான். கட்டளைகள் ஜிக்பீ, புளூடூத் மெஷ் போன்ற ரேடியோ வலையமைப்பின் வழியே போகின்றன. ஒரு தளத்தில் இருநூறு விளக்குகள் இருந்தால், அந்த வலையமைப்புக்கு அவை வெறும் இருநூறு முகவரிகள். எது எந்த அறையில் இருக்கிறது என்பதை யாராவது அதற்குச் சொல்ல வேண்டும், அல்லது அதுவே கண்டுபிடிக்க வேண்டும்.

குழு சரியாக அமையாவிட்டால் தொல்லை உடனே தெரியும். நடைபாதையில் காவலாளி நடக்கும்போதெல்லாம் பக்கத்துக் காலி அறை பளிச்சென்று எரியும். மூலையில் அசையாமல் படித்துக்கொண்டிருப்பவரின் தலைக்கு மேல் விளக்கு அணைந்துவிடும். குழு சரியாக இருந்தால், ஒரு சென்சார் ஆளைக் கண்டாலே அறை முழுவதும் ஒளி வரும். அத்தனை சென்சார்களும் சிறிது நேரம் யாரையும் காணாதபோதுதான் அணையும். ஒரே செய்தியைக் குழு முகவரிக்கு அனுப்பினால் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரியும். தனித்தனியாக அனுப்பினால் ஒன்றன்பின் ஒன்றாக எரிவது கண்ணுக்கே தெரியும்.

இந்தக் குழுக்களைப் பெரும்பாலும் ஆட்களே அமைக்கிறார்கள். கையில் செல்போனுடன் ஒருவர் அறை அறையாகப் போய், ஒவ்வொரு விளக்கையும் மினுக்கவைத்து, வரைபடத்தில் குறிக்கிறார். இருநூறு விளக்குகளுக்கு இது நாள்கணக்கில் ஆகக்கூடிய வேலை. வரைபடத்தில் இல்லாத தடுப்புச் சுவர் அங்கே எழுந்திருக்கும். குறிக்கும் கை ஒரு வரிசையைத் தவறவிடும். இந்த வேலையை விளக்குகளிடமே ஒப்படைப்பதுதான் தானியங்கிக் குழுவமைப்பு.

முதலில் தோன்றும் யோசனை ரேடியோவையே பயன்படுத்துவது: பலமாகக் கேட்டால் பக்கத்தில் இருக்கிறது, பலவீனமாகக் கேட்டால் தூரத்தில். கட்டடத்துக்குள் இது எளிதில் ஏமாற்றும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். சுவரிலும் இரும்பு அலமாரியிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால், ஓரிரு அங்குலம் நகர்ந்தாலே சமிக்ஞையின் பலம் மாறிவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, ஜிப்சம் தடுப்புச் சுவரை ரேடியோ அலை எளிதாகக் கடந்துவிடும் என்பது. சுவரின் இருபுறமும் ஒரு மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு விளக்குகள் நெருங்கிய கூட்டாளிகளாகத் தெரியும். ஒரே மண்டபத்தின் இரு முனைகளில் இருப்பவை அந்நியர்களாகத் தெரியும். அறை என்பது தூரத்தால் அமைவதல்ல, தடுப்பால் அமைவது. ஆகவே சுவரால் தடுக்கப்படும் ஒன்றைக் கொண்டுதான் அறையை அறிய முடியும்.

ஒளி அப்படிப்பட்டது. இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, ஒன்றை மட்டும் இரண்டு விநாடி எரியவிட்டால், தரையிலும் சுவரிலும் பட்டுச் சிதறும் வெளிச்சத்தை அதே அறையின் மற்ற சென்சார்கள் உணரும். அடுத்த அறைக்கு எதுவும் தெரியாது. இப்படி இருநூறு விளக்குகளையும் சோதிக்க ஏழு நிமிடம் போதும். பகலில் செய்தால் ஜன்னல் வழியே வரும் வெயில் இந்தச் சிறு மாற்றத்தை விழுங்கிவிடும். இம்முறையின் பலவீனம் கண்ணாடி. இன்றைய அலுவலகங்களில் கூட்ட அறைகளுக்குக் கண்ணாடிச் சுவர்தான் வழக்கம். அதன் வழியே ஒளி தாராளமாகப் போவதால் இரண்டு அறைகள் ஒன்றாகத் தோன்றும்.

இங்கே நடமாட்ட சென்சார் கைகொடுக்கிறது. இது மனித உடல் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை, ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், உணர்கிறது. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை ஊடுருவ விடாது. கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் கையசைத்தாலும் இந்தச் சென்சாருக்குத் தெரியாது என்பது, இந்தத் துறையின் மிக அழகான தற்செயல். ஆகவே சில நாட்கள் எல்லாச் சென்சார்களின் பதிவுகளையும் சேகரித்து, எவை எவற்றுடன் சேர்ந்து விழிக்கின்றன என்று பார்க்கலாம். ஒப்பிடும் முறையில் கவனம் வேண்டும். கட்டடம் பெரும்பாலான நேரம் வெறிச்சோடிக் கிடப்பதால், 'இரண்டுமே எதையும் காணவில்லை' என்பதையும் ஒற்றுமையாக எண்ணினால் எல்லாச் சென்சார்களும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றாவது விழித்த தருணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றில் எத்தனை முறை இரண்டும் சேர்ந்து விழித்தன என்று கணக்கிடுவதே பயன் தரும். மதிய உணவு வேளையில் தளமே நகர்வதால் அந்தப் பதிவு உதவாது. விடிகாலையில் தனியாக வரும் துப்புரவுப் பணியாளரின் நடை, அறை அறையாக, கட்டடத்தின் அமைப்பையே வரைந்து காட்டிவிடும்.

இந்த அளவீடுகளிலிருந்து ஒவ்வொரு இணைக்கும் ஒரு மதிப்பு கிடைக்கிறது. இருநூறு விளக்குகளில் 19,900 இணைகள் உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒத்துப்போகும் இணைகளைக் கோட்டால் சேர்த்துவிட்டால் குழு கிடைத்துவிடும் என்று தோன்றும். எல் வடிவ அறையில் அது நன்றாகவே வேலை செய்கிறது: இரு முனைகளும் ஒன்றையொன்று காணாவிட்டாலும் நடுவில் உள்ளவை அவற்றை இணைத்துவிடும். ஆனால் திறந்திருந்த ஒரு கதவு வழியே கசிந்த ஒளி, அதே விதத்தில் இரண்டு அறைகளையும் ஒட்டிவிடும். இதைத் தவிர்க்க, ஒற்றைக் கோட்டை நம்பாமல், உள்ளுக்குள் நெருக்கமாகவும் வெளியே தளர்வாகவும் பிணைந்த கூட்டங்களைத் தேடும் கணக்குமுறைகள் பயன்படுகின்றன. இத்தகைய பிரிவினையின் தரத்தை அளக்க மார்க் நியூமேனும் மிஷெல் கிர்வனும் 2004இல் ஓர் அளவுகோலைத் தந்தார்கள். அந்த அளவுகோலில் உயர்ந்த மதிப்புப் பெறும் பிரிவினையை வேகமாகத் தேடும் லூவேன் முறை 2008இல் பெல்ஜியத்திலிருந்து வந்தது. எத்தனை அறைகள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை என்பது இவற்றின் பெரிய வசதி.

சுவரே இல்லாத திறந்தவெளி அலுவலகத்தில் இம்முறைகளால் கண்டுபிடிக்க அறை என்று எதுவும் இல்லை. அங்கே குழு என்பது மனித முடிவு: ஜன்னலோர வரிசை பகல் வெளிச்சத்துக்கேற்ப மங்கட்டும், உள்வரிசை தனியாக இருக்கட்டும் என்று யாரோ தீர்மானிக்க வேண்டும். ஜன்னலோரம் எது என்பதை மட்டும், காலை முதல் மாலை வரை வெளிச்சம் ஏறி இறங்கும் பதிவைப் பார்த்துக் கருவி சொல்லிவிடும்.

தானியங்கிக் குழுவமைப்பின் முழுப் பயன் பராமரிப்பில்தான் தெரிகிறது. பழுதான விளக்கை எலெக்ட்ரீஷியன் மாற்றும்போது புதியது வேறு முகவரியுடன் வருகிறது. கையால் அமைத்த கட்டடத்தில் யாராவது மென்பொருளைத் திறந்து அதைச் சேர்க்க வேண்டும். அந்த ஆள் வரும்வரை விளக்கு தனியாகவே எரிந்து அணையும். தானியங்கி அமைப்பில் அன்றிரவு ஓர் ஒளிச் சோதனையும், அடுத்த சில நாட்களின் நடமாட்டப் பதிவும் அதை உரிய அறையில் சேர்த்துவிடுகின்றன. தடுப்புச் சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கினாலும் இதே சோதனையை மறுபடி ஓட்டினால் போதும்.