மிச்சத்தை மதிக்கும் கல்வி

செஞ்சிக் கோட்டையைக் காண வருகிறவர்கள் கல்யாண மஹாலின் அடுக்குகளையும் ராஜகிரியின் சிகரத்தையும் அண்ணாந்து பார்த்துப் பரவசமடைந்துவிட்டு, கீழ்க்கோட்டையிலுள்ள நெற்களஞ்சியத்தை ஏறக்குறையக் கவனியாமலே கடந்து போகிறார்கள். ஆனால் 1690இல் தொடங்கி, இடையிடையே தளர்ந்தும் மீண்டும் இறுகியும் 1698 வரை நீடித்த முகலாயர் முற்றுகையை மராத்திய மன்னர் ராஜாராமின் சேனை தாங்கி நின்றதற்கு, மதிலின் உறுதியும் மலையின் உயரமும் எவ்வளவு காரணமோ, களஞ்சியத்தில் சேமித்த தானியமும் சுனைகளிலும் குளங்களிலும் தேக்கிய மழைநீரும் அவ்வளவு காரணம். 2025 ஜூலையில் மராத்தியர் ஆட்சியோடு தொடர்புடைய 12 கோட்டைகள் ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அவ்வரிசையில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. எனினும் இங்கே சொல்ல விரும்புவது மதிலுக்கு வெளியே விளையும் தானியத்தைப் பற்றியும், தானியம் போனபின் எஞ்சி நிற்பதைப் பற்றியும், அதைக் கையாளக் கற்பிக்கும் கல்வியைப் பற்றியுமே.

நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும், கரும்பும் இப்பிரதேசத்தின் ஜீவாதாரங்கள். நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி. நெல்லுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ வைக்கோல். ஆலைக்குப் போன கரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரச் சக்கையாகத் திரும்புகிறது. மல்லாட்டைக்குத் தோலும் கொடியும் உண்டு. எண்ணெய் பிழிந்தபின் புண்ணாக்கும் உண்டு. நம் பாட்டனார் காலத்தில் இவற்றுள் எதுவும் வீணாகப் போனதில்லை. கொடியும் வைக்கோலும் மாட்டுக்கும், சாணம் எருக்குழிக்கும், எரு மறுபடி நிலத்துக்குமாகப் போய்க்கொண்டிருந்தன. உழவு மாடு போய் டிராக்டர் வந்தது; அரிவாள் போய் அறுவடை இயந்திரம் வந்தது; வைக்கோலைச் சேர்த்துப் போர் போட ஆளும் இல்லை, தின்ன மாடும் இல்லை என்றான வீடுகளில் அது வயலிலேயே சிதறி மக்கவோ தீக்கிரையாகவோ நேர்ந்தது.

இந்த அறுந்த வட்டத்தை மறுபடி இணைப்பதற்கு இன்று உலகம் வைத்திருக்கும் பெயர் சுழற்சி உயிரியல் பொருளாதாரம். ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் இதற்கென ஒரு திட்டம் வகுத்தது. நம் மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் உயிரித் தொழில்நுட்ப உற்பத்திக்கென ஒரு கொள்கையை ஏற்றது. 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தி, அந்திம காலத்தைத் தே. கல்லுப்பட்டியில் கழித்த ஜே. சி. குமரப்பாவோ இதன் சாரத்தை 1945இல் வெளிவந்த தம் நூலிலேயே விளக்கிவிட்டார். எடுத்தால் தீர்ந்துபோகும் நிலக்கரி, எண்ணெய் போன்ற செல்வத்தை நம்பிய பொருளாதாரம் நிலையற்றது என்றும், ஆண்டுதோறும் திரும்ப விளைவதை நம்பியதே நிலைக்கும் என்றும் அவர் கொண்டிருந்த சித்தாந்தத்திற்குப் பிற்காலத்து அறிஞர்கள் புள்ளிவிவரங்களைச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவே.

ஆனால் சித்தாந்தம் தெரிந்துவிட்டால் வைக்கோல் தானாகக் காளானாகிவிடாது. அதற்கு வித்தை வேண்டும். வித்தையைக் கற்றுக்கொடுக்க ஒரு ஸ்தாபனம் வேண்டும். அத்தகைய ஸ்தாபனம் நம் நாட்டில் முதன்முதலாகத் தோன்றிய இடம் செஞ்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரி என்பதை நம் பக்கத்தவர்களே அதிகம் அறியார். மோகன் சிங் மேத்தா தலைமையில் அமைந்த குழுவின் சிபாரிசுப்படி, 1974இல், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் அங்கே தொடங்கப்பட்டது. பட்டமும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். பள்ளியைப் பாதியில் விட்டவரும், எழுத்தறியாத உழவரும், வீட்டுப் பெண்களும் வந்து, செய்தே கற்கட்டும். கற்பிப்பவரும் செய்தே கற்பிக்கட்டும் என்ற அந்த ஏற்பாட்டின் எளிமையில் ஒரு பெரும் புரட்சி அடங்கியிருந்தது. இன்று நாடெங்கும் 700க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. விழுப்புரம் மாவட்டத்துக்குரியது, டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 முதலிய மல்லாட்டை ரகங்களைத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கும் திண்டிவனத்திலேயே இருக்கிறது. செஞ்சிக்காரர் ஒருவர் காலையில் பஸ் ஏறிப் போய்ப் பயின்றுவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். எம். எஸ். சுவாமிநாதன் 1988இல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனமும் 1990களின் தொடக்கத்தில் தன் உயிரிக் கிராமத் திட்டத்துக்குப் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களையே தேர்ந்து, நிலமில்லாத பெண்களுக்குக் காளான் வளர்ப்பு போன்ற தொழில்களைப் பயிற்றுவித்தது.

செய்து கற்றல் என்பதன் அருமை சிப்பிக் காளான் வளர்ப்பில் நன்றாகப் புலப்படும். வைக்கோலை இரண்டு மூன்று விரற்கடை அளவு துண்டாக நறுக்கி, சில மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, பாலிதீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோலும் ஓர் அடுக்கு காளான் வித்துமாக நிரப்பி, இருண்ட அறையில் தொங்கவிட வேண்டும் என்பது புத்தகத்திலேயே உள்ளது. எவ்வளவு உலர்த்துவது என்பதுதான் சங்கடமான இடம். பிடியளவு வைக்கோலை எடுத்து இறுகப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், நீர் சொட்டலாகாது. அந்த மத்திமத்தைக் கை உணர்ந்து அறிவதற்குள் எத்தனையோ பைகள் பச்சைப் பூசணம் பிடித்துப் பாழாகும். பதினைந்து இருபது நாளில் வெண்ணிழை பரவியபின் வேண்டிய குளிர்ச்சியோ 25 டிகிரியை ஒட்டியது. பாறைக் குன்றுகள் பகலெல்லாம் காய்ந்து இரவெல்லாம் அனல் வீசும் செஞ்சியின் சித்திரையில் அதை எங்கே தேடுவது? கூரைக் கொட்டகையும், தரையில் மணலும், சுற்றிலும் நனைத்த சாக்கும், வேளாவேளைக்குத் தெளிக்கும் நீருமாக வெயிலோடு போராட வேண்டும். கோடையில் எப்போது நிறுத்துவது என்று அறிவதும் பயிற்சியில் ஒரு பாடம். காளானை அறுத்தபின் மிஞ்சும் வைக்கோல் மண்புழுத் தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்து உரமாகி வயலுக்குத் திரும்புகிறது.

சாண எரிவாயுவின் சரித்திரம் இதைவிடப் பெரிய பாடம். 1981 அளவில் தேசியத் திட்டமாகத் தொடங்கி, மானியம் தந்து, லட்சக்கணக்கான கலன்களை நாடெங்கும் கட்டினார்கள். அவற்றுள் பல சில வருஷங்களில் முடங்கின. 1984இல் வந்த தீனபந்து என்னும் அமைப்பில், துருப்பிடிக்கும் இரும்புத் தொட்டி கிடையாது. பூமிக்குள் செங்கல்லும் சிமெண்டுமாகக் கட்டிய குவிமாடமே வாயுவைத் தாங்குகிறது. விலையும் குறைவு, ஆயுளும் அதிகம். ஆனால் குவிமாடத்தின் வளைவில் மயிரிழை விரிசல் ஒன்று நேர்ந்தாலும் வாயு கசிந்துபோகும், அடுப்பு எரியாது, வீட்டுக்காரி மறுபடி விறகுக்குப் போவாள். ஆக, அந்தக் கலனின் உயிர் அதைக் கட்டிய கொத்தனாரின் கையில் இருந்தது. கலனுக்கு மானியம் கொடுத்ததில் ஒரு பகுதியையேனும் கொத்தனாருக்குப் பயிற்சி கொடுப்பதிலும், ஐந்தாம் ஆண்டில் வந்து பழுது பார்ப்பவருக்குக் கூலி கொடுப்பதிலும் சிரத்தையோடு செலவிட்டிருந்தால், இன்று செயலற்றுக் கிடக்கும் கலன்களில் எத்தனையோ எரிந்துகொண்டிருக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குப்பையையும் சாணத்தையும் மலத்தையும் கையாளும் வேலையைச் சில ஜாதியாரின் தலையில் பரம்பரையாகச் சுமத்தி, பிறகு அந்த வேலையைக் காரணம் காட்டி அவர்களையே இழிவுபடுத்திய தேசம் இது. கையால் மலம் அள்ளுவதை முற்றாகத் தடுக்கும் சட்டம் 2013இல்தான் வந்தது. கழிவிலிருந்து செல்வம் என்று இன்று மேடையில் முழங்குகிறோம். பயிற்சி வகுப்பில் வந்து அமர்வது மறுபடியும் அதே குடும்பங்களின் பிள்ளைகள் மட்டுமேயானால், புதிய பெயரில் பழைய அநியாயத்தையே நடத்துகிறோம். மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் ஏற்கெனவே ஒரு பாடம். மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கும் இடமாக அதைக் கருதும் மனோபாவம் ஒழிய வேண்டும். மருத்துவப் படிப்புக்குக் கனவு காணும் மாணவியும் ஒரு பருவமேனும் மண்புழுத் தொட்டியில் கைவைத்துப் பார்க்கட்டும்.

பயிற்சி பெற்றவர் பிழைக்க வழி என்ன என்ற கேள்வி எஞ்சுகிறது. மண்புழு உரம் தயாரிப்பவர், காளான் வளர்ப்பவர் என்பவை இன்று வேளாண் திறன் மன்றம் வரையறுத்த தொழில்கள். குறுகிய காலப் பயிற்சிக்குச் சான்றிதழும் உண்டு. சான்றிதழோடு ஊர் திரும்பிய இளைஞர் தம் உரத்தைப் பையிலிட்டு விற்க முற்பட்டால், 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை எதிரே நிற்கும். ஈரம் எவ்வளவு, தழை மணி சாம்பல் சத்துகள் எவ்வளவு, ஈயமும் காட்மியமும் வரம்புக்குள் உள்ளனவா என்று பரிசோதனைக்கூடம் சொல்லியாக வேண்டும். உழவரை வஞ்சிக்காதிருக்க இந்த விதிகள் அவசியமே. ஆனால் மாதிரி எடுப்பது எப்படி, விண்ணப்பம் எங்கே கொடுப்பது, வங்கிக் கடனுக்குக் கணக்கு எழுதுவது எப்படி என்பவற்றைத் தொட்டி கட்டும் முறையோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். செஞ்சிப் பேரூராட்சியில் மக்கும் குப்பை நாள்தோறும் சேருகிறது. கோட்டைக்கு வருகிறவர்களின் தொகை பெருகப் பெருக அதுவும் பெருகும். அந்தக் குப்பையைத் தரம்பிரித்து உரமாக்கும் பொறுப்பை, பயிற்சி முடித்த மகளிர் குழுக்களுக்கு ஓராண்டு ஒப்பந்தமாக அல்லாமல் ஐந்தாண்டு ஒப்பந்தமாகக் கொடுத்து, விளைந்த உரத்தைச் சுற்றுவட்டார மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நிர்ணய விலையில் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தால், பயின்றவர்கள் வேலை தேடிச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டிய நிர்ப்பந்தம் குறையும்.