கையெழுத்துப் போட முடியாத நாட்களுக்கு

டீயைக் குடியுங்கள், நிதானமாகவே பேசலாம். "உயில் எழுதிப் பதிவும் பண்ணியாச்சு, இனிக் கவலையில்லை" என்று அறுபதைத் தாண்டிய பலர் சொல்லக் கேட்கிறேன். நல்ல காரியம்தான். ஆனால் உயில் நாம் போன பிறகுதான் வேலை செய்யும். பக்கவாதம் வந்து, நினைவு தவறி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தால் அந்த உயிலால் பத்து ரூபாய்கூட எடுக்க முடியாது. பெரிய செலவு வருவதோ அப்போதுதான். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையோடு நின்றுவிடும்; வீட்டில் வைத்துப் பார்க்கும் ஆளின் சம்பளமெல்லாம் கைக்காசு.

"பையனுக்கு பவர் கொடுத்திருக்கிறேனே" என்பீர்கள். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவு: எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ சித்தசுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துபோகும். எந்த நேரத்துக்காக எழுதினோமோ அந்த நேரத்திலேயே அது செல்லாது. இங்கிலாந்தில் நினைவு தவறிய பிறகும் செல்லுபடியாகும் பவர் உண்டு. நம் நாட்டில் இல்லை. மிஞ்சுவது நீதிமன்றம். கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க, ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2024இல் அவரைக் காப்பாளராக நியமித்தார்கள். நியாயம் கிடைத்தது, சரி. ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் அலைந்த அந்தப் பெண்ணை நினைத்தால் மனசு கனக்கிறது.

அதனால் கையில் இருக்கிற பணத்தையாவது இன்றே சரிசெய்து வையுங்கள். ஆறு மாதச் செலவுக்கான தொகை, கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படியான ஜாயின்ட் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். எஃப்டியை நம்பாதீர்கள். ஜாயின்டாகவே போட்டிருந்தாலும், முதிர்வுக்கு முன்னால் உடைக்க இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கலாம். நினைவு இருந்து கைதான் வரவில்லை என்றால் வழி உண்டு: கைரேகை, அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகை. இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் வங்கி அதிகாரி. ரிசர்வ் வங்கியின் விதியே இது. கவுன்ட்டரில் தெரியாது என்றால் மேனேஜரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வங்கிக் கணக்கில் நாமினி போட்டதும் பணம் அவருக்கே என்றும் எண்ண வேண்டாம். அவர் பணத்தை வாங்கி வைப்பவர். உரிமை வாரிசுகளுக்கோ உயிலில் சொன்னவருக்கோதான். பயத்தில் வீட்டைப் பிள்ளைகளுக்கு இப்போதே செட்டில்மென்ட் எழுதுவதும் எனக்குச் சம்மதமில்லை. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பராமரிக்கத் தவறினால் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி அதை ரத்து செய்யக் கேட்க, அந்த வரிதான் கைகொடுக்கும்.

அடுத்தது உடம்பு. இனித் தேறவே மாட்டோம் என்ற நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்னாலேயே எழுதிவைக்கும் லிவிங் வில்லை உச்ச நீதிமன்றம் 2018இல் அங்கீகரித்தது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து கேட்டார்கள். யாரால் அலைய முடியும்? 2023இல் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும் என்றார்கள். எழுதியதும் வென்டிலேட்டரைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். மருத்துவர் குழுக்கள் இரண்டு பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே எதுவும் நடக்கும்.

உங்களுக்குப் பதிலாக முடிவெடுப்பவர்களின் பெயர்களையும் அதில் எழுத வேண்டும். அவர்களுக்கு ஒரு பிரதி, குடும்ப டாக்டருக்கு ஒன்று, உள்ளாட்சி அலுவலருக்கு ஒன்று. பெயரை எழுதும் முன் அவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். ட்யூப் வழியாகச் சாப்பாடு கொடுத்து எத்தனை நாள் வைத்திருக்கலாம், ஐசியூவா வீடா என்று அவர்கள் கேட்கட்டும், நீங்களே உங்கள் வாயால் பதில் சொல்லுங்கள்.