உத்தரவாதச் சீட்டா, உயர்ரகக் கமெராவா?

டிஜிட்டல் கமெரா ஒன்றை வாங்கும் நோக்குடன் கொழும்புக்குச் செல்லும் எவரும் ஒரே தொகைக்கு இரு வேறு பொருட்கள் தம் முன்னே வைக்கப்படுவதைக் காண்பார். ஒன்று, பெட்டி பிரிக்கப்படாத, உத்தரவாதச் சீட்டுடன் கூடிய ஆரம்பநிலைக் கமெரா. மற்றையது, ஐந்தாறு ஆண்டுகள் எவரோ பாவித்த, ஆனால் தொழில்முறைப் படப்பிடிப்பாளருக்கென்றே தயாரிக்கப்பட்ட உயர்ரகக் கமெரா. முன்னையதில் மனநிம்மதி இருப்பதாகவும் பின்னையதில் திறன் இருப்பதாகவும் பொதுவாகக் கூறப்படுகின்றது. இக்கூற்று எந்தளவுக்கு உண்மையானது என்பது ஆராயப்பட வேண்டியதாகும்.

இந்தத் தெரிவு அண்மைக் காலத்தில் கூர்மையடைந்தமைக்குக் காரணங்கள் உள்ளன. கெனன், நிக்கோன் ஆகிய இரு நிறுவனங்களும் 2018 ஆம் ஆண்டில் முழுச்சட்டக உணரி கொண்ட 'மிரர்லெஸ்' கமெராக்களை அறிமுகப்படுத்தி, தமது கவனத்தை அப்பக்கம் திருப்பின. அதன் பின்னர் உலகெங்கும் தொழில்முறையாளர் பலர் தமது டிஎஸ்எல்ஆர் கமெராக்களை விற்கத் தொடங்கியதால், முன்னர் எட்டாத உயரத்தில் இருந்தவற்றின் விலை இறங்கிற்று. அதேவேளை இலங்கையில் புதிய கமெராவின் விலை எதிர்த்திசையில் சென்றது. 2022 ஆம் ஆண்டில் டொலர் ஒன்றின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தமையும், 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக்கப்பட்டமையும் இதில் பங்குகொண்டன.

வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் திருமணப் படப்பிடிப்பைச் சுயதொழிலாகக் கொண்ட இளைஞர்கள் கணிசமானோர் உள்ளனர். கடன்பட்டோ, வீட்டு நகையை அடகு வைத்தோ முதற் கமெராவை வாங்குபவர்கள் அவர்களில் இருக்கின்றனர். அவர்களைப் பொறுத்தவரை இது பொழுதுபோக்குச் சாதனம் பற்றிய கேள்வியன்று. முதலீட்டைப் பற்றிய கேள்வி.

முதலில், உத்தரவாதம் எதற்குப் பொறுப்பேற்கின்றது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உற்பத்திக் குறைபாட்டுக்கு மாத்திரமே அது பொறுப்பேற்கின்றது. கைதவறி விழுந்தமை, மழையில் நனைந்தமை, கடற்கரை மணல் உட்புகுந்தமை, வில்லையில் பூஞ்சணம் படர்ந்தமை ஆகியவற்றை உத்தரவாத நிபந்தனைகள் வழமையாக விலக்கிவிடுகின்றன. எமது கரையோரக் காலநிலையில் ஒரு கமெரா எதனால் பழுதடையக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால், மேற்சொன்ன பட்டியலே பெரும்பாலும் நினைவுக்கு வரும். மறுபுறம், மின்னணுப் பொருட்களின் உற்பத்திக் குறைபாடுகள் பாவனையின் ஆரம்ப மாதங்களிலேயே அதிகமாகத் தலைகாட்டும் இயல்புடையவை. ஆதலால் உத்தரவாதத்தின் உண்மையான பயன் முதலாண்டின் முற்பகுதியிலேயே குவிந்திருக்கின்றது.

இதற்கு நல்லதோர் உதாரணம் நிக்கோன் டி600 ஆகும். 2012 இல் வெளிவந்த இக்கமெராவின் உணரியில் தூசும் எண்ணெய்த் துளிகளும் படிவதாக முறைப்பாடுகள் பெருகின. ஈற்றில் 2014 இல், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலுங்கூட ஷட்டர் உள்ளிட்ட பாகங்களை இலவசமாக மாற்றித் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. உற்பத்தியாளர் தவறை ஏற்றுக்கொள்ளும்போது சீட்டின் திகதி பெரிதாகப் பொருட்படுத்தப்படுவதில்லை. அவர் ஏற்க மறுக்கும்போதுதான் சீட்டில் உள்ள சிறிய எழுத்துக்கள் பெரிதாகத் தெரியத் தொடங்குகின்றன.

அடுத்து, உத்தரவாதத்தை வழங்குபவர் யார் என்பது. எமது சந்தையில் 'வொரண்டி' என்ற ஒரே சொல் வெவ்வேறு பொருள்களைக் குறிக்கின்றது. உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற முகவர் வழங்குவது ஒன்று. விற்பனை செய்யும் கடைக்காரர் தமது சொந்தப் பொறுப்பில் எழுதித் தருவது இன்னொன்று. கடை இருக்கும் வரையும், கடைக்காரரின் நல்லெண்ணம் இருக்கும் வரையுமே அது செல்லும். மூன்றாவது, வெளிநாட்டு உத்தரவாதம். கட்டாரிலிருந்து திரும்பும் சகோதரரோ கனடாவிலிருந்து வரும் மாமாவோ கொண்டுவரும் கமெராவின் பெட்டிக்குள்ளும் ஓர் உத்தரவாதச் சீட்டு இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்கோ வலயத்துக்கோ உரியது. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென விற்கப்பட்ட சோனி கமெராக்கள் பலவற்றில் பட்டியல் மொழியை ஜப்பானிய மொழியிலிருந்து மாற்றவே இயலாது. அன்பளிப்பாகக் கிடைத்தால் சகித்துக்கொள்ளலாம். பணம் கொடுத்து வாங்குபவர் முன்கூட்டியே மொழிப் பட்டியலைத் திறந்து பார்ப்பது நன்று.

முகவரின் உத்தரவாதமே கையில் இருந்தாலும் தூரம் என்ற ஒரு விடயம் எஞ்சியிருக்கின்றது. கல்முனையிலோ மன்னாரிலோ பழுதடையும் கமெரா கொழும்புக்கு அனுப்பப்பட வேண்டும். பரிசோதனை, உதிரிப்பாக வருகை, மீள அனுப்புதல் என வாரங்கள் கழியலாம். ஆடியும் மார்கழியும் போக எஞ்சிய மாதங்களில் முகூர்த்த நாட்கள் நெருங்கி வருகின்ற தொழில் இது. நோன்பு மாதம் முடிந்ததும் நிகாஹ், வலீமா வைபவங்கள் அடுத்தடுத்து வரும். உத்தரவாதம் கமெராவைத் திருத்தித் தரும். தாலி கட்டிய கணத்தைத் திருப்பித் தராது. தொழில் செய்பவர் விளங்கிக்கொள்ள வேண்டிய முதன்மையான உண்மை இதுவென்பது எமது கருத்து.

இந்த இடத்திலேதான் பாவித்த உயர்ரகக் கமெராவின் பக்கம் சில நியாயங்கள் எழுகின்றன. படத்தின் தரத்தை விட முக்கியமானது இரட்டை மெமரி காட் வசதியாகும். கெனன் 5டி மார்க் 3, நிக்கோன் டி750 போன்றவற்றில் இரு காட்கள் பொருத்தி, ஒரே படத்தை இரண்டிலும் ஒருங்கே பதியச் செய்யலாம். ஆரம்பநிலைக் கமெராக்களில் வழமையாக ஒரு காட்டுக்கே இடமுண்டு. அது பழுதாகும்போது அன்றைய வைபவம் முழுவதும் போய்விடக்கூடும். எந்த உத்தரவாதச் சீட்டும் அந்த இழப்பை ஈடுசெய்யாது. உணரியின் பருமனும் கவனிக்கத்தக்கது. முழுச்சட்டக உணரி 36க்கு 24 மில்லிமீற்றர். கெனனின் ஆரம்பநிலைக் கமெராக்களில் உள்ளது சுமார் 22க்கு 15. பரப்பளவில் இது ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேறுபாடு. விடியற்காலை முகூர்த்தத்திலும் மங்கலான மண்டபத்திலும், பிளாஷ் இன்றி எடுக்கும் படங்களில் இது வெளிப்படையாகவே தெரியும்.

ஆயினும் பாவித்த கமெரா என்பது பிறர் உழைத்துக் களைத்த பொருள் என்பதை மறக்கலாகாது. அதன் வயதை ஆண்டுகளால் அன்றி, ஷட்டர் இயங்கிய எண்ணிக்கையால் அளப்பதே முறை. தயாரிப்பாளர்கள் இதற்கு ஒரு சோதனை அளவைக் குறிப்பிடுகின்றனர்: கெனன் 6டிக்கு 100,000, 5டி மார்க் 3, மார்க் 4, நிக்கோன் டி750 ஆகியவற்றுக்கு 150,000, நிக்கோன் டி850க்கு 200,000. அந்த எண்ணிக்கையில் கமெரா நின்றுவிடும் என்று பொருளில்லை. சில அதற்கு முன்னரே நிற்கும், சில இரு மடங்கும் ஓடும். ஒரு திருமணத்தில் 2,000 படங்கள் எடுக்கும் ஒருவர் ஆண்டுக்கு ஐம்பது திருமணங்கள் செய்தால் அந்த ஆண்டிலேயே 100,000ஐ எட்டிவிடுவார். "இரண்டு வருடந்தான் பாவித்தது" என்ற வாக்குமூலத்தின் பெறுமதி இவ்வளவே.

நிக்கோன் கமெராவில் எடுத்த படக் கோப்பினுள்ளேயே இந்த எண்ணிக்கை பதிந்திருக்கும். அதனைக் காட்டும் இலவச மென்பொருட்கள் உள்ளன. கெனனின் பல மாதிரிகளில் கமெராவைக் கணினியுடன் இணைத்தே அறிய வேண்டும். ஆனால் வீடியோவுக்கே பெரிதும் பாவிக்கப்பட்ட கமெராவில் இந்த எண் குறைவாகவே காட்டும். ஷட்டர் ஓய்ந்திருக்க, உணரி மணிக்கணக்கில் சூடேறியிருக்கும். விற்பவரின் தொழில் என்னவென்று விசாரிப்பது இதனால்தான் அவசியமாகின்றது.

விளம்பரங்களில் அடிக்கடி தென்படும் இன்னொரு சொல் 'அப்கிரேட் செய்யப்பட்டது' என்பதாகும். இதற்கென மேலதிக விலை கேட்கப்பட்டால், எது மேம்படுத்தப்பட்டது என வினவுதல் வேண்டும். நிக்கோன் நிறுவனம் 2019 மே மாதத்தில் இசட்6, இசட்7 கமெராக்களுக்குக் கண்ணை இனங்கண்டு குவியம் செய்யும் வசதியை மென்பொருள் வாயிலாக இலவசமாகவே வழங்கியது. எவரும் சில நிமிடங்களில் செய்துகொள்ளக்கூடிய அத்தகைய மேம்பாட்டுக்கு விலையில்லை. மாறாக, கெனன் 5டி மார்க் 4க்கு 2017 இல் வழங்கப்பட்ட 'கெனன் லொக்' வீடியோ வசதி சேவை நிலையத்தில் கட்டணம் செலுத்திப் பெறவேண்டியிருந்தது. அமெரிக்காவில் அதன் கட்டணம் 99 டொலர். வீடியோ எடுப்பவருக்கு அதில் பெறுமதி உண்டு. தயாரிப்பாளரல்லாத பிறர் உருவாக்கிய மென்பொருள் ஏற்றப்பட்டிருந்தாலோ நிலைமை வேறு. எஞ்சியுள்ள உத்தரவாதத்தையும் அது கேள்விக்குள்ளாக்கலாம்.

வாங்குமுன் செய்ய வேண்டிய பரிசோதனைகள் கடினமானவையல்ல. வில்லையின் ஒரு பக்கத்திலிருந்து டோர்ச் ஒளியைச் செலுத்தி மறுபக்கத்தால் பார்த்தால், சிலந்தி வலை போன்ற பூஞ்சண இழைகள் இருப்பின் தெரியும். ஈரப்பதன் 60 சதவீதத்துக்கு மேல் நீடிக்கும் எமது சூழலில் இது அரிதான நோயன்று. கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. துவாரத்தைச் சிறிதாக்கி, எஃப் 16 அளவில் வெறும் வானத்தைப் படமெடுத்தால் உணரியிலுள்ள அழுக்கு புள்ளிகளாகத் தோன்றும். பெட்டியிலும் கமெராவிலும் தொடர் இலக்கம் ஒன்றாக உள்ளதா என ஒப்பிட வேண்டும். பெட்டியுமில்லை, பற்றுச்சீட்டுமில்லை, விலையோ வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு என்றால் அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். அத்தகைய மலிவு பொலிஸ் நிலையம் வரை கொண்டுசெல்லக்கூடியது.

உதிரிப்பாகங்களின் ஆயுளும் கணக்கிடப்பட வேண்டும். உற்பத்தி நிறுத்தப்பட்ட கமெராவுக்கு நிறுவனங்கள் சில ஆண்டுகளே பாகங்களை வைத்திருக்கும். பின்னர் இன்னொரு பழுதடைந்த கமெராவிலிருந்து கழற்றிப் பொருத்துவதே வழி. ஆனால் வில்லைகள் வீணாகா. கெனனின் ஈஎஃப் வில்லைகள் இணைப்பி மூலம் புதிய மிரர்லெஸ் கமெராக்களில் நன்றாக இயங்குகின்றன. நிக்கோனின் பழைய, உள்மோட்டார் அற்ற வில்லைகள் எஃப்டிஇசட் இணைப்பியில் தானியங்கிக் குவியத்தை இழக்கின்றன என்பதை மாத்திரம் நினைவிற் கொள்ளலாம்.

அவ்வாறாயின் எதைத் தெரிவு செய்வது? வேறு கமெரா ஏதுமின்றி, கடன்பட்ட பணத்தில் முதன்முதலாக வாங்குபவருக்கு முகவரின் உத்தரவாதத்துடனான புதிய கமெராவே பொருத்தமானது. திடீர்ப் பழுதொன்றைத் தாங்கும் சக்தி அவரிடம் இல்லை. பழுதை இனங்காணும் அனுபவமும் பெரும்பாலும் இராது. கையில் ஏற்கனவே இயங்கும் கமெரா ஒன்றை வைத்திருப்பவர், பாவித்த உயர்ரகத்தைத் துணிந்து வாங்கலாம். பழையது துணைக்கமெராவாக நிற்கும். ஆனால் பையிலுள்ள தொகை முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாகாது. ஷட்டர் மாற்றும் செலவை முன்கூட்டியே உள்ளூர்த் திருத்துநரிடம் கேட்டறிந்து, அத்தொகையை ஒதுக்கிய பின்னர் எஞ்சுவதே அவரது வரவுசெலவு. அந்த ஒதுக்கீடு அவர் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் உத்தரவாதமாகும். வீட்டு வைபவங்களுக்கு மாத்திரம் தேவைப்படுபவர், நல்ல கைத்தொலைபேசி இருக்கையில் இரண்டையும் வாங்காது விடுவதிலும் தவறில்லை.

இடைவழியொன்றும் உண்டு. கமெரா உடலைப் புதிதாகவும் வில்லையைப் பாவித்ததாகவும் வாங்குவது. மின்னணுப் பாகங்கள் செறிந்த உடலுக்கே உத்தரவாதம் அதிகம் உதவும்; பூஞ்சணம் பிடிக்காத வில்லை பல்லாண்டுகள் உழைக்கும், விலையும் மெதுவாகவே இறங்கும்.

எதை வாங்கினும் பற்றுச்சீட்டு முக்கியமானது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்கும் வாடிக்கையாளருக்குப் பற்றுச்சீட்டு வழங்குவது வர்த்தகரின் கடமையாகும். வழங்கிய உத்தரவாதத்துக்கு மாறான பொருள் குறித்து அதிகார சபையிடம் எழுத்துமூலம் முறையிடவும் அச்சட்டம் இடமளிக்கின்றது. தாமதிக்காது முறையிடுவது அவசியம். பற்றுச்சீட்டில் தொடர் இலக்கமும் உத்தரவாதக் காலமும், அதனை வழங்குவது முகவரா கடையா என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். தனியாள் ஒருவரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க இயலாது. அங்கே விற்பவரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், கமெராவின் தொடர் இலக்கம், அன்றைய ஷட்டர் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளலாம். இதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு விலை பேச வேண்டிய தேவை இல்லை.