கடலைக் கடலில் படித்தல்: ஆர்க்டிக் ஆய்வுப் பயணங்களும் இளம் விஞ்ஞானிகளும்

போன தவணையில் தரம் 11 பிள்ளைகளுக்கு 'நான் விரும்பும் தொழில்' என்று கட்டுரை கொடுத்திருந்தேன். வழமைபோல டொக்டர், எஞ்ஜினியர் என்றே வந்தன. ஒரு மாணவி மட்டும் சமுத்திரவியல் ஆய்வாளராக வர விருப்பம் என்று எழுதியிருந்தாள். வாப்பா ஆழ்கடல் மீன்பிடிக்குப் போகிறவர். கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது கேட்டாள்: "சேர், கடலப் படிக்கக் கட்டாயம் கடலுக்குப் போகணுமா? புத்தகத்துல படிச்சாக் காணாதா? கப்பல்ல போறதுன்டா அந்தப் படிப்பே வேணாம்னு உம்மா சொல்றா."

தமிழ் படிப்பிக்கிற எனக்கு அன்று பதில் வரவில்லை. பிறகு தேடி வாசித்தேன். கடலுக்குப் போவது மிகக் கஷ்டமான இடம் எதுவோ, அங்கே இளையவர்களை எப்படிப் பழக்குகிறார்கள் என்று பார்த்தால் பதில் கிடைக்கும் என்று தோன்றியது. அந்த இடம் ஆர்க்டிக் சமுத்திரம்.

நோர்வே நாட்டவரான பிரிட்ஜொப் நான்சன் 1882இல் சீல் வேட்டைக் கப்பலொன்றில் ஏறியபோது அவருக்கு வயது 20, விலங்கியல் மாணவர். கடற்பனி அடியில் உருவாகி மேலே மிதந்து வருகிறதா, மேற்பரப்பிலேயே உறைகிறதா என்ற கேள்விக்கு, மேற்பரப்பிலேயே உறைகிறது என்று அந்தப் பயணத்தில் அவர் கண்டார். 1893இல் அவரே 'பிராம்' என்ற கப்பலைப் பனிக்குள் உறைய விட்டு, பனியின் போக்கிலேயே நகர வைத்தார். 1896 வரை நீடித்த அந்தப் பயணத்தில் ஒரு விசித்திரம் தெரிந்தது. பனி காற்றடிக்கும் திசையில் நேராகப் போகவில்லை. 20 முதல் 40 பாகை வரை வலப்பக்கம் விலகிப் போனது. பூமி சுழல்வதே காரணம் என்று ஊகித்த நான்சன், கணக்கைப் போட ஒரு மாணவனைத் தரும்படி பேராசிரியர் பியெர்க்னெஸிடம் கேட்டார். வந்தவர் வாக்ன் எக்மன். 1902இல் எக்மன் வெளியிட்ட விளக்கம் இன்று சமுத்திரவியல் படிக்கும் எவரும் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று. கப்பலில் ஒருவர் கண்ணால் கண்டிராவிட்டால் மேசையில் இருந்தவருக்குக் கணக்கே கிடைத்திராது.

'அது அந்தக் காலம், இப்ப செய்மதி இருக்கே' என்று கேட்கலாம். செய்மதி பனியின் மேற்புறத்தைப் பார்க்கும். பனிக்குக் கீழே உள்ள நீரைப் பார்க்காது. ஆர்க்டிக்கில் விடயமே கீழேதான் இருக்கிறது. மேலே குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர். அதற்குக் கீழே அத்திலாந்திக்கிலிருந்து வரும் உப்புக் கூடிய, சற்றுச் சூடான நீர். சூடு என்றால் நம்மூர்ச் சூடு அல்ல, பூச்சியத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனாலும் பனியை உருக்க அது போதும். மேல் அடுக்கு போர்வைபோல இடையில் கிடப்பதால்தான் பனி தப்புகிறது. அந்தப் போர்வை மெலிகிறதா என்று அறியக் கருவியைக் கம்பியில் கட்டி இறக்கித்தான் ஆகவேண்டும்.

அந்த வேலை கைப்பழக்கத்தில் வருவது. உப்பு, வெப்பம், ஆழம் மூன்றையும் அளக்கும் கருவி மேலே வந்ததும், அதன் குழாய்க்குள் தங்கிய நீர் உறைந்தால் கருவியே பழுதாகிவிடும். கடுங்குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும். கையுறையோடு சின்ன ஆணியொன்றைப் பூட்டுவதற்கே பழக வேண்டும். பனிக்கரடி வருகிறதா என்று பார்க்கத் துப்பாக்கியோடு ஒருவர் காவல் நிற்க வேண்டும்.

2019இல் தொடங்கிய 'மொசைக்' என்ற பெரும் ஆய்வுப் பயணத்தில் இந்தப் பழக்கத்துக்கென்றே ஒரு பள்ளி நடந்தது. ஜேர்மனியின் அல்பிரட் வெகனர் நிறுவனம் தலைமை தாங்கிய பயணம் அது. 'போலார்ஷ்டேர்ன்' கப்பல், நான்சனின் கப்பலைப் போலவே பனியில் பூட்டுண்டு நகர்ந்து, 2020 ஒக்டோபரில் துறைமுகம் திரும்பியது. தொடக்கத்தில் அதற்குத் துணையாகப் போன 'அகடமிக் பியோதரவ்' என்ற ரஷ்யக் கப்பலில் பட்டப்பின் படிப்பு மாணவர்கள் 20 பேர் ஏறினார்கள். பல நாட்டவர், ஆண்களும் பெண்களும். சுமார் ஆறு வாரம். கப்பலில் விரிவுரை, பனியில் இறங்கினால் வேலை. பிரதான கப்பலைச் சுற்றிப் பல கிலோமீற்றர் தூரத்துக்குத் தன்னியக்கக் கருவிகளைப் பனியில் பதித்த குழுக்களோடு அவர்களும் நின்று வேலை செய்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, அவர்களிடம் விளையாட்டுக் கருவியைக் கொடுக்கவில்லை என்பது. அவர்கள் பதிக்க உதவிய கருவிகளின் அளவீடுகளை உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள். பிழை விட்டால் உண்மையான பிழை. பொறுப்பு அப்படித்தான் வரும். திரும்பிய பிறகு தாம் கண்டதை மற்றவர்களுக்கும் பாடசாலைகளுக்கும் எடுத்துச் சொல்வதும் அவர்களது கடமையாக இருந்தது.

இப்படிப் பழக்காவிட்டால் என்ன நட்டம்? பனி குறைகிறதா என்பதை ஒரு வருட அளவீடு சொல்லாது. பல பத்தாண்டு அளவீடுகள் தொடராக வேண்டும். ஒருவரது பணிக்காலத்துக்குள் அது முடியாது. ஒரு தலைமுறை பழகாமல் விட்டால் தொடர் அறுந்துவிடும். அறுந்த வருடங்களைத் திரும்பப் போய் அளக்கவும் முடியாது.

நான்சனின் பெயர் நமக்கும் தூரமில்லை. 'டொக்டர் பிரிட்ஜொப் நான்சன்' என்று பெயர்சூட்டிய நோர்வே ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை நமது கடலில் மீன்வளத்தை ஆராய்ந்தது. அதே பெயர் கொண்ட புதிய கப்பல் 2018இல் மறுபடி வந்தபோது இலங்கை ஆய்வாளர்களும் அதில் வேலை செய்தார்கள்.

அந்த மாணவியிடம் இதையெல்லாம் சொன்னேன். "புத்தகம் வேணும் மகள், ஆனா புத்தகம் மட்டும் காணாது" என்றேன். உம்மாவுடனும் பேசினேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. 'பொம்பிளப் புள்ளையளும் போனாங்களா?' என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார். எங்கள் பாடசாலையிலிருந்து கடற்கரை நடக்கிற தூரம்தான். வருகிற தவணை முதல் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் கடல் நீரின் வெப்பத்தை அளந்து எழுதி வைக்கட்டும் என்று விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு வெப்பமானியும் ஒரு கொப்பியும் போதும் என்றார்.