மாட்டெருவின் பெறுமதி

கமக்காரர் தமது செலவுக் கணக்கை எழுதும்போது விதை, உழவு, இரசாயனப் பசளை, கூலி என ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வர். வீட்டின் பின்புறத்திற் குவிந்து கிடக்கும் மாட்டெரு மாத்திரம் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. காசு கொடுத்து வாங்காத பொருளாதலின் அதற்கு விலையில்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டக்காரர் வன்னியிலிருந்து லொறிகளில் வரும் எருவைக் காசு கொடுத்தே வாங்குகின்றனர். நுவரெலியாப் பகுதியில் உருளைக்கிழங்கும் லீக்சும் கரட்டும் செய்வோரும் வெளியூர்களிலிருந்து எருவைத் தருவிக்கின்றனர். ஓரிடத்தில் மழையிற் கரைந்து வீணாகும் பொருள் மற்றோரிடத்தில் முதலாக மதிக்கப்படுகிறது. அதன் பெறுமதி எதில் அடங்கியுள்ளது, எவ்வாறு குறைகிறது, எவ்வாறு காக்கப்படலாம் என்பவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகிறது.

எருவில் அடங்கியுள்ளவை

புதுச் சாணத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கு நீரே. எஞ்சியதில் மாடு செரிக்காது விட்ட நார்ப்பொருளும் பயிருணவுகளும் உள்ளன. நன்கு மக்கிய மாட்டெருவில் நூற்றுக்கு ஏறத்தாழ அரைப் பங்கு நைதரசனும், அரைப் பங்கு பொற்றாசும், ஐந்திலொரு பங்கு பொசுபேற்றும் உள்ளன எனக் கொள்ளலாம். இவ்வளவுகள் தீனிக்கும் பேணும் முறைக்கும் ஏற்ப வேறுபடும். நாகம், மங்கனீசு முதலிய நுண்ணுணவுகளும் சிறிதளவு உண்டு.

எருவின் மற்றொரு பயன் பையில் வரும் பசளைக்கு இல்லாதது. அதிலுள்ள சேதனப் பொருள் மணல் மண்ணில் நீரைத் தேக்கி வைக்கிறது; களிமண்ணைப் பொலபொலப்பாக்குகிறது; யூரியாவாக இடப்படும் நைதரசன் நீருடன் கீழிறங்கிப் போவதைக் குறைக்கிறது. ஆகவே எரு இட்ட நிலத்தில், வாங்கி இடும் பசளையும் கூடிய பலனைத் தரும்.

ஒரு கொட்டிலின் கணக்கு

நான்கு மாடுகளைப் பகலில் மேயவிட்டு இரவிற் கொட்டிலில் கட்டும் ஒரு கமக்காரரை எடுத்துக்கொள்வோம். ஒரு மாடு இரவில் 5 கிலோகிராம் சாணம் இடுவதாகக் கொண்டால், நான்கு மாடுகளும் ஓராண்டில் ஏறத்தாழ 7,300 கிலோகிராம் சாணம் தரும். அதனுடன் கொட்டிலில் விரித்த வைக்கோலும் சேர்ந்து மக்கியபின் சுமார் 4 தொன் எரு கிடைக்கும்.

அந்த 4 தொன்னில் 20 கிலோகிராம் நைதரசன் உண்டு. அது 43 கிலோகிராம் யூரியாவில் உள்ள நைதரசனுக்குச் சமம். பொற்றாசு 20 கிலோகிராம். அது 33 கிலோகிராம் மியூரியேற்றுப் பொற்றாசுக்குச் சமம். பொசுபேற்று 8 கிலோகிராம். அது 17 கிலோகிராம் மும்மைச் சுப்பர்பொசுபேற்றுக்குச் சமம். கடையில் அன்றன்று உள்ள விலையால் இவற்றைப் பெருக்கிக் கூட்டினால், கொட்டிலில் ஓராண்டிற் சேரும் பொருளின் பெறுமதி விளங்கும். சேதனப் பொருளின் பயன் இதற்கு மேலதிகமாகும்.

பெறுமதி இழக்கப்படும் வழிகள்

மேற்கூறிய கணக்கு நன்கு பேணிய எருவுக்கே பொருந்தும். மாடு கழிக்கும் நைதரசனில் ஏறத்தாழப் பாதி சலத்திலேயே உள்ளது. வெறும் மண் தரையிற் கட்டிய மாட்டின் சலம் நிலத்துள் ஊறிப் போகிறது. அல்லது சில மணி நேரத்தில் அமோனியாவாக மாறிக் காற்றிற் கலக்கிறது. காலையிற் கொட்டிலுள் நுழைவோரின் மூக்கைத் துளைக்கும் காரநெடி, காற்றிற் பறந்து செல்லும் பசளையின் நெடியே ஆகும்.

அடுத்த இழப்பு வெயிலாலும் மழையாலும் நேர்கிறது. திறந்த வெளியிற் குவித்த சாணம் வெயிலிற் காயும்போது அமோனியாவை இழக்கிறது. மாரி மழை பெய்யும்போது நைதரசனும் பொற்றாசும் கரைந்து ஓடுகின்றன. குவியலைச் சுற்றி வழியும் கபில நிற நீர் பயிருக்குச் சேரவேண்டிய உணவாகும். இவ்வாறு கிடந்த எரு பார்வைக்கு எருவாகவே இருப்பினும் அதன் பலத்திற் பாதி போயிருக்கும்.

பேணும் முறை

கொட்டிற் தரையைக் களிமண்ணிட்டு இறுக்கிச் சிறிது சரிவாக அமைத்தல் வேண்டும். வைக்கோலைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு மாலையும் மாட்டின் கீழ் விரித்தால் அது சலத்தை உறிஞ்சிக்கொள்ளும். நெற்பயிர் எடுக்கும் பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குவதால், அதனை வயலில் எரிப்பதிலும் இவ்வாறு பயன்படுத்துதல் மேலானது.

காலையிற் சாணத்தையும் நனைந்த வைக்கோலையும் ஒருங்கே கூட்டி, நிழலுள்ள இடத்தில் 3 அடி ஆழக் கிடங்கில் இடுதல் வேண்டும். மழைநீர் தேங்கும் இடங்களிலும், யாழ்ப்பாணத்தைப் போன்று சுண்ணாம்புக்கல் மேலாக உள்ள இடங்களிலும் கிடங்கு வெட்டாது, இறுக்கிய தரையின்மீது குவியலாக அமைப்பதே நன்று. ஒவ்வோர் அடி உயரத்துக்கும் ஒரு மெல்லிய மண்படை இட்டு, மேலே கிடுகினால் வேய்தல் வேண்டும். குவியல் கிணற்றிலிருந்து 100 அடிக்குக் குறையாத தூரத்தில் இருத்தல் அவசியம். எருவிலிருந்து கசியும் நைத்திரேற்று குடிநீரைக் கெடுக்கும்; கைக்குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு விளைவிக்கும்.

எருவைக் கையால் இறுகப் பிழிந்தால் விரலிடையில் ஈரம் தெரியவேண்டும், நீர் ஒழுகக்கூடாது. குவியலின் நடுவே ஓர் இரும்புக் கம்பியைச் சிறிது நேரம் செருகி எடுத்தால் அது கைபொறுக்காத சூடாய் இருத்தல் வேண்டும். அச்சூட்டிலேயே களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் அழியும். மாதம் ஒருமுறை வெளிப்புறம் உள்ளே செல்லுமாறு புரட்டி மூடிவந்தால் மூன்று மாதத்தில் எரு ஆயத்தமாகும். புரட்டும்போது காணப்படும் பருத்த வெண்புழுக்களைப் பொறுக்கி அழித்தல் வேண்டும். அவற்றுள் தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்களும் இருக்கும்; அவ்வண்டு எருக்குவியலிலேயே பெருகுகிறது.

எரு மாத்திரம் போதுமா?

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 2022 இல் யூரியாவின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அக்காலத்தில் எருவைத் தேடி அலைந்த கமக்காரர் பலர், எரு இட்டும் விளைச்சல் குறைந்தமை கண்டு மனம் தளர்ந்தனர். அதன் காரணம் எளிய கணக்கால் விளங்கும்.

ஓர் ஏக்கரில் 2 தொன் நெல் விளைவதற்குப் பயிர் ஏறத்தாழ 35 கிலோகிராம் நைதரசனை எடுத்துக்கொள்ளும். ஒரு தொன் எருவில் உள்ளது 5 கிலோகிராம் மாத்திரமே. அதிலும் முதற் போகத்திற் பயிருக்குக் கிடைப்பது காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையே. எஞ்சியது பின்வரும் போகங்களிற் சிறிது சிறிதாக வெளிப்படும். ஆகவே ஒரே போகத்தில் யூரியாவின் இடத்தை எருவால் நிரப்புதல் இயலாது. ஆண்டுதோறும் எரு இட்டு வரும் நிலத்தில் யூரியாவின் அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். எவ்வளவு குறைக்கலாம் என்பதை மண் பரிசோதனையின் பின் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிதல் நன்று.

நிலத்தில் இடுதல்

மரக்கறித் தோட்டத்துக்கு ஏக்கருக்கு 4 தொன், அதாவது பரப்புக்கு 250 கிலோகிராம் மக்கிய எரு போதுமானது. மேற்கூறிய நான்கு மாட்டுக் கொட்டில் ஓர் ஏக்கர்த் தோட்டத்தைத் தாங்கும் என்பது இதனாற் தெளிவாகும். நெல்வயலுக்கு எருவை முதல் உழவின்போதே பரப்பி மண்ணுடன் கலத்தல் வேண்டும். பரப்பிய எருவை அன்றே மண்ணால் மூடாவிடின் பலம் குறையும். மக்காத சாணத்தை நாற்றுகளின் அடியில் இட்டால் வேர் கருகும், களையும் பெருகும். பச்சையாக உண்ணும் கீரைக்கும் சலாதுக்கும் புதுச் சாணத்தை ஒருபோதும் இடலாகாது.

பிற பயன்கள்

சாணத்தைக் காற்றுப்புகாத தொட்டியில் நீருடன் கலந்து விட்டால் நுண்ணுயிர்கள் அதிலிருந்து மெதேன் கலந்த எரிவாயுவை உண்டாக்கும். ஒரு கிலோகிராம் புதுச் சாணம் ஏறத்தாழ 35 இலீற்றர் வாயு தரும். நாளொன்றுக்கு 40 கிலோகிராம் சாணம் கிடைக்கும் வீட்டில் சிறு குடும்பத்தின் சமையலிற் பெரும்பகுதி அவ்வாயுவால் நடைபெறும். வாயு எடுத்தபின் வெளிவரும் கரைசலில் நைதரசன் குறைவதில்லை. அது தோட்டத்துக்கு உரமாகும். சாணத்தை எரிப்பின் நைதரசன் அழிந்துவிடும். வாயுத் தொட்டியில் இடின் அடுப்பும் எரியும், எருவும் எஞ்சும்.

இளங்கன்றுகளின் இலைமீது சாணக்கரைசலைத் தெளித்தால், மழை கழுவும்வரை மாடுகள் அவற்றை மேய விரும்புவதில்லை. சூடடிக்கும் களத்தைச் சாணத்தால் மெழுகினால் மண் நெல்லுடன் கலவாது. வெட்டிய சேனைக்கிழங்குத் துண்டுகளைச் சாணக்கரைசலில் தோய்த்து நிழலில் உலர்த்தி நடுவது நம் முன்னோர் கண்ட வழக்கம். சிறிது மக்கிய சாணத்தை மண்புழுக்களுக்கு இரையாக்கிப் பெறும் உரம் நாற்றுமேடைக்குச் சிறந்தது. அது பைகளில் நல்ல விலைக்கு விற்கப்படுகிறது.

வாங்குவோரும் விற்போரும்

எரு பெரும்பாலும் உழவு இயந்திரப் பெட்டியாலும் லொறியாலும் அளந்து விற்கப்படுகிறது. பெட்டியளவு ஒன்றே ஆயினும் உள்ளிருப்பது ஒன்றன்று. வாங்குமுன் ஒரு கிலோகிராம் எருவை வெயிலில் நன்கு உலர்த்தி நிறுத்தால், கொடுக்கும் காசில் எவ்வளவு நீருக்குச் செல்கிறது என்பது தெரியும். ஒரு பிடி எருவைக் கண்ணாடிப் போத்தலில் நீருடன் குலுக்கி வைத்தால் மணல் முதலில் அடியிற் படியும். மணல் கனமாகப் படிந்தால் அந்த எருவை அவ்விலைக்கு வாங்குவது நட்டமாகும். ஈரமண்ணில் ஒரு பிடியைப் பரப்பிப் பத்து நாள் நீர் தெளித்தால் களைவிதையின் அளவும் புலப்படும்.

விற்பவரும் கணக்குப் பார்த்தே விற்றல் வேண்டும். லொறி ஏறிச் செல்லும் எருவுடன் தம் வயலின் வளமும் செல்கிறது. தம் நிலத்துக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கி, எஞ்சியதையே விற்பது முறை. விற்பதாயினும் ஈரச் சாணமாக விற்பதிலும், மக்கவைத்துச் சலித்துப் பையிலிட்டு விற்பது கூடிய விலை தரும். நிலத்துக்கு உடனடியாக எரு தேவைப்படும் இடத்தில், அறுவடை முடிந்த வயலில் இரவில் மாட்டுப் பட்டியை அடைத்து, நாளுக்கு நாள் இடம் மாற்றுவது சுமைகூலி இல்லாத வழி. அதனால் சலமும் வீணாகாது மண்ணைச் சேரும்.

பெரும்போகத்துக்கு முன் மூன்று மாதம் இருக்கையிலேயே குவியலைத் தொடங்குதல் வேண்டும். கொட்டிற் தரையை இறுக்குதல், வைக்கோலை விரித்தல், குவியலை வேய்தல் ஆகிய மூன்றுக்கும் பெருஞ்செலவு இல்லை. இம்மூன்றையும் செய்யும் கமக்காரர் அடுத்த போகத்தில் வாங்கும் பசளைப் பைகளின் தொகையைக் குறித்து வைப்பாராயின், எருவின் பெறுமதியை அவர்தம் கணக்குப் புத்தகமே காட்டும்.