நீர் நடுவண் நின்ற நகரம்

ஒரு நகரை ஊர்தியில் அமர்ந்து காண்பதற்கும் நடந்து காண்பதற்கும் வேறுபாடு மிகுதி. ஊர்தியில் விரைவோர்க்கு மாளிகைகளின் முகப்பே தெரியும். நடப்போர்க்கு மாந்தரின் வாழ்வும் தெரியும். இத்தாலி நாட்டின் வடகிழக்கே, ஏட்ரியாட்டிக் கடலை அடுத்த காயலில் விளங்கும் வெனிஸ் நகரமோ, நடந்தாலன்றி நன்கு காண இயலாத ஊராகும்.

118 சிறு தீவுகளும் அவற்றை இணைக்கும் 400க்கு மேற்பட்ட பாலங்களும் சேர்ந்ததே இந்நகரம். நிலப்பகுதியிலிருந்து 1846இல் இருப்புப்பாதையும் 1933இல் சாலையும் காயலின்மீது அமைக்கப்பட்டன. ஆயினும், உந்துவண்டிகள் நகரின் வாயிலிலேயே நின்றுவிடும். அதற்கப்பால் படகு, இன்றேல் கால்நடை.

நண்பர் சிலர் கூடி இங்கு நடப்பாராயின், தெருக்கள் மிகக் குறுகியனவாதலின், வலப்புறம் ஒதுங்கி ஒருவர்பின் ஒருவராகச் செல்லுதல் வேண்டும். வளைந்து செல்லும் சந்துகளுள் சில கால்வாய்க் கரையிலே திடீரென முடிந்துவிடும். ஒருவர் தவறவிட்ட வழியை மற்றொருவர் கண்டுபிடிப்பார். ஒருவர் காணாததை மற்றொருவர் காட்டுவார். கூடி நடப்பதன் பயன் இதுவே.

சந்துகளைக் கடந்தால் சதுக்கங்கள் தோன்றும். அவற்றின் நடுவே கல்லாலாகிய கிணற்று வாய்களைக் காணலாம். உப்புநீர் சூழ்ந்த ஊரில் குடிநீர் கிடைத்தது எங்ஙனம்? சதுக்கத்தின் அடியில் பெருங்குழி தோண்டி, அதற்குக் களிமண் பூசி, மணலை நிரப்பினர். தரையில் அமைத்த துளைகளின் வழியே இறங்கிய மழைநீர், மணலில் வடிந்து தூய்மையுற்று, நடுக்கிணற்றில் ஊறியது. 1884இல் குழாய்நீர் வரும்வரை மக்களைக் காத்தவை இக்கிணறுகளே. வீடுகளின் அடித்தளமும் இத்தகைய அறிவின் பயனே. சேற்றில் மரக்கழிகளை நெருக்கமாக அறைந்து, மேலே கல் பரப்பிக் கட்டினர். நீரும் சேறும் காற்றைத் தடுப்பதால், அக்கழிகள் எளிதில் மட்குவதில்லை.

1591இல் ஒற்றை வளைவாகக் கட்டி முடிக்கப்பட்ட ரியால்டோ பாலத்தின் அருகே பண்டைய வணிகக் களம் இருந்தது. பாண்டி நாட்டு முத்துக்குளிப்பைத் தம் பயண நூலில் கூறிய மார்க்கோ போலோ, இந்நகரத்து வணிகர் குடியினரே.

அப்பாலுள்ள சான் மார்க்கோ சதுக்கம் மிகத் தாழ்வான இடமாகும். பகைவரைத் தடுத்து அரணாய் நின்ற நீர், சில வேளைகளில் தானே பகையாகிறது. 1966 நவம்பர் 4ஆம் நாள், குறியீட்டு மட்டத்திற்கு மேல் 194 செண்டிமீட்டர் உயர்ந்த வெள்ளம் நகரையே மூழ்கடித்தது. இதனைத் தடுக்கக் காயலின் மூன்று முகத்துவாரங்களிலும் 78 இரும்புக் கதவங்களைக் கடலடியில் அமைத்தனர். ஓதம் மிகும்பொழுது அவற்றினுள் காற்றைச் செலுத்தினால், உள்ளிருக்கும் நீர் வெளியேற, கதவங்கள் எழுந்து கடலைத் தடுக்கும். 2020 அக்டோபரில் அவை முதன்முறையாக வெள்ளத்தைத் தடுத்தன.

ஆயினும், கதவங்களால் தடுக்கவியலாத இழப்பொன்று உண்டு. 1951இல் பழைய நகரில் ஏறத்தாழ 1,75,000 மக்கள் வாழ்ந்தனர். இன்று 50,000 பேருங்கூட இல்லை. வாடகை உயர்ந்தது, வீடுகள் பயணியர் விடுதிகளாயின, குடிகள் நிலப்பகுதிக்குப் பெயர்ந்தனர். மாலையில் திரும்பும் நண்பர்கள், விளக்கேற்றப்படாத சாளரங்கள் பலவற்றைக் காண்பர். கல்லையும் மரத்தையும் காத்தல் அரிது. அவற்றினூடே நாள்தோறும் நடக்கும் மக்களைக் காத்தல் அதனினும் அரிது. காண வருவோரால் நகரம் புகழ் பெறும். வாழ்வோராலேயே அது நகரமாக நிலைபெறும்.