இருட்டிய பின்பும் படம் எடுக்கலாம்

"இரவில் படம் சரியாக வராது" என்று சொல்லிக் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிடும் சகோதரிகளை வேலை நிமித்தம் அடிக்கடி சந்திக்கிறேன். பெரும்பாலும் குறை தொலைபேசியில் இல்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துப் பழகினால் போதும்.

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரை அண்டியுள்ள ஊர் ஹுன்னஸ்கிரிய. பனிமூட்டம் இறங்கும் இத்தகைய மலையூரில் பிளாஷ் உதவாது. அதன் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பிப் படத்தை வெள்ளையாக்கிவிடும். மூட்டம் இல்லாத இடத்திலும் அது சில மீற்றர் தூரமே எட்டும். அதை அணைத்துவிட்டுத் தேநீர்க்கடை மின்குமிழையோ தெருவிளக்கையோ தேடுங்கள். படம் எடுக்கப்படுபவர் முகம் அந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கட்டும்.

லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். முழங்கைகளை உடலோடு ஒட்டி, சுவரிலோ கம்பத்திலோ சாய்ந்து நில்லுங்கள். திரையில் விளக்கைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் அது வெண்பொட்டாகத் தெரியாது. தொலைபேசியின் 'இரவு முறை' சில செக்கன்களுக்குப் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. அசையாத கடைத்தெருவுக்கு அது நல்லது. நடப்பவர்களை அது கலங்கலாக்கும். தூரத்தில் நின்று பெருப்பித்து எடுக்காமல் கிட்டப் போங்கள். சூரியன் மறைந்த பின் 20 நிமிடமளவு வானம் நீலமாக இருக்கும். பழகத் தொடங்க அதுவே நல்ல நேரம்.

1930களில் பாரிஸ் நகரின் இரவுகளைப் படமெடுத்துப் புகழ்பெற்ற பிராசாய், மூட்டத்தையும் மழை நனைந்த வீதிகளையும் விரும்பி எடுத்தார். ஈரத் தெரு விளக்கொளியைத் திருப்பித் தரும். மழை விட்ட இரவு நமக்கும் வாய்ப்பான இரவுதான்.

ஆனால் தனியாகப் போகவேண்டாம், இருவராகப் போங்கள். முகாம், பொலிஸ் நிலையம் இருக்கும் பக்கம் தொலைபேசியைத் திருப்பாதீர்கள். ஒருவரின் முகம் தெரிய எடுப்பதாயின் கேட்டு எடுங்கள். சோதனைச் சாவடியிலும் முகாம் வரிசையிலும் அனுமதியில்லாமல் பார்க்கப்பட்ட வேதனையை உங்களில் பலர் அறிவீர்கள். அதை நாம் இன்னொருவருக்குச் செய்யலாமா?

ஏன் இந்தச் சிரமம் என்று கேட்கலாம். இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் வீட்டோடு சேர்த்துப் படங்களையும் இழந்தன. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வீதியோரம் போராட்டம் தொடங்கிய தாய்மாரின் கைகளில் இருந்தவை, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்கள். இப்படி ஒருவர் இருந்தார் என்று சொல்ல அவர்களிடம் அந்தப் படம் இருந்தது. வேலை முடிந்து வரும் தங்கை, கடைப்படியில் காத்திருக்கும் அம்மா, பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளை ஆகியோரை நாம் பெரும்பாலும் இருட்டிய பின்தான் காண்கிறோம். அவர்களையும் எடுங்கள். நல்ல படங்களைக் கழுவி எடுத்து, பின்புறம் பெயர், இடம், திகதி எழுதி, ஒரு பிரதியை உறவினர் வீட்டிலும் வைத்திருங்கள்.